கல் இருக்கிறது

தோகர் தன் தூண்டில் கொட்டகையின் வாசற்கல்லை மிதித்து நான் பார்த்ததே இல்லை. இடுப்பெலும்பு தேய்ந்து கடலுக்குப் போவதை விட்ட பிறகும், ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மரச்செருப்புக் காலை உயரத் தூக்கி, அந்தக் கல்லைத் தாண்டித்தான் உள்ளே வருவார். கொட்டகையில் உட்கார்ந்து இரை கோக்கும் பெண்கள் நாங்கள் அதைப் பார்த்து எத்தனையோ வருஷம் சிரித்திருக்கிறோம். "கல்லுக்கு வலிக்கும்னு பாக்குறாரு" என்பேன் நான். அவர் மனைவி டாக்னி தலையைத் தூக்காமலே, "அவங்க அம்மா வயித்துலேருந்தே அப்படித்தான் தாண்டி வந்திருப்பாரு. நீ கொக்கியப் பாரு கூட்ருன்" என்பாள்.

கூட்ருன் என்பது நான். அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. என் அப்பா நடனங்களுக்கு அக்கார்டியன் என்ற துருத்திப்பெட்டி வாசித்தவர். குளிர்க்கடலோரத்து எங்கள் வெஸ்டர்ஹூஸ ஊரில் பாவி என்று பேர் வாங்க அது ஒன்றே போதும். நடனம், சீட்டு, சாராயம் மூன்றும் பிசாசின் காரியம் என்று நம்புகிற, மிஷன் வீடு என்ற ஜெபக்கூடத்து ஆட்கள் எங்கள் குடும்பம் மொத்தத்தையும் என் ஞானஸ்நானத்துக்கு முன்பே நரகத்துக்கு எழுதிவிட்டார்கள். டாக்னியும் தோகரும் மிஷன் வீட்டு ஆட்கள்தான். ஆனாலும் டாக்னிக்கு என் கை வேகம் வேண்டியிருந்தது. முப்பது வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஹெரிங் மீனைத் துண்டு போட்டு, கொக்கி கொக்கியாகக் கோத்து, கயிற்றைத் தட்டில் சுருட்டி வைத்திருக்கிறோம். குளிரில் விரல் மரத்துப்போனால் ஒருவர் கையை ஒருவர் தேய்த்துவிடுவோம். அப்படி இருந்துவிட்டு, இவள் ரட்சிக்கப்பட்டவள், இவள் இல்லை என்று கணக்குப் பார்க்க முடியாது.

எண்பத்தாறாம் வருஷம் வசந்தகாலத்தில் அவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அயோவாவிலிருந்து ஆர்டிஸ் என்ற பெண் எழுதியிருந்தாள். அவளுடைய தாத்தா லௌரிட்ஸும் தோகருடைய தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். லௌரிட்ஸ் 1891இல் கடலில் மூழ்கி, மூன்றாம் நாள் கரை ஒதுங்கி, எங்கள் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானவர். இரண்டு வருஷத்தில் அவருடைய விதவை சிட்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டாள். ஆர்டிஸ் கேட்டிருந்தது ஒரே கேள்வி: என் தாத்தாவின் கல் இன்னும் இருக்கிறதா?

தோகர் பதில் எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எழுந்து போவார், மறுபடி உட்காருவார். கடைசியில் தபாலுக்குப் போன அட்டையை நானே படித்தேன். அதில், 'கல் இருக்கிறது. வாருங்கள். தோகர்' என்று மட்டும் இருந்தது.

"இவ்வளவுதானா?" என்று டாக்னியிடம் கேட்டேன்.

"அவருக்கு இதுவே பிரசங்கம்" என்றாள் அவள்.

அந்த மூன்று சொல்லை நம்பி அந்தப் பெண் கடலைத் தாண்டி வந்துவிட்டாள்.

அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். மேல்காற்று மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்தது. படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. பேருந்திலிருந்து இறங்கியவளை மணற்காற்று பாதி வழியிலேயே குனிய வைத்துவிட்டது. அறுபத்திரண்டு வயது, தடித்த உடம்பு, பெரிய கை. பண்ணைக்காரியின் கை என்று கைகுலுக்கியதுமே தெரிந்தது. வாயைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பேச்சுதான், ஆனால் நூறு வருஷத்துக்கு முந்தையது. இப்போது கல்லறையில் இருப்பவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

காப்பிக்கு டாக்னி ஐந்து வகை பிஸ்கட் அடுக்கியிருந்தாள். ஆர்டிஸ் ஒவ்வொன்றாக எடுத்து, பேர் சொல்லிச் சாப்பிட்டாள். ஒன்றைக் கடித்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"இது என் பாட்டி கை" என்றாள்.

"இல்ல, என் கைதான்" என்றாள் டாக்னி. "ஆனா மாவு எல்லாருக்கும் ஒண்ணுதானே. சாப்பிடுங்க ஆர்டிஸ்."

தோகர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் அவர் பக்கம் திரும்பினாள்.

"தோகர், நான் ஏன் வந்தேன்னு கடிதத்துல முழுசா எழுதல. உங்க மூணு பேருகிட்டயும் சொல்லிடுறேன். எனக்கு ஒரே பையன், லோரன். போன வருஷம் மார்ச்சுல கடனுக்காக எங்க நிலம் கையை விட்டுப் போச்சு. மூணு தலைமுறையா உழுத நிலம். ஏப்ரல்ல அவன் டிராக்டர் கொட்டகைக்குள்ள போய்த் தன்னை முடிச்சிக்கிட்டான். நாப்பத்தோரு வயசு."

ஆர்டிஸ் கடித்த பிஸ்கட்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"எங்க சபையில யாரும் தப்பா ஒரு வார்த்தை சொல்லல. கேக் கொண்டுவந்தாங்க, உருளைக்கிழங்கு கொண்டுவந்தாங்க. போதகர் நல்லவருதான். ஆனா அடக்கத்தன்னிக்கு செத்தவங்க கர்த்தர்ல எழும்புவாங்கன்னு எல்லாருக்கும் சொல்ற அந்த நம்பிக்கை வார்த்தை இருக்கே, அந்த இடம் வந்ததும் தாளைப் புரட்டிட்டாரு. நான் கவனிச்சேன். எல்லாரும் கவனிச்சாங்க. கல்லு வாங்கி நட்டாச்சு. பேரும் வருஷமும் மட்டும் இருக்கு. கீழே வெறுமையா விட்டிருக்கேன்."

"ஏன்?" என்றாள் டாக்னி.

"என்ன எழுதுறதுன்னு தெரியல. எங்க பாட்டி சிட்சல் சாகுறவரைக்கும் ஒண்ணு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. 'அங்க கடலோரத்துல உங்க தாத்தா மேல நல்ல வார்த்தை ஒண்ணு நிக்குது. அது அவருக்கு மட்டும் இல்ல, நம்ம எல்லாருக்கும்'னு. என்ன வார்த்தைன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. போய்ப் பாத்துக்கோங்கன்னுடுவாங்க. எங்க வீட்டுல எந்தப் புள்ளைக்கு ஞானஸ்நானம்னாலும் அப்பா அதைத்தான் சொல்லுவாரு. நம்ம மேல நல்ல வார்த்தை ஒண்ணு நிக்குது. எங்களுக்கு விசுவாசம்னா அதுதான், தோகர். அந்த வார்த்தையைப் பாத்து எழுதிக்கிட்டுப் போய் லோரன் கல்லுல வெட்டணும். அதுக்குத்தான் வந்தேன்."

டாக்னியின் கண் தோகர் மேல் போயிற்று. அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"காத்து இறங்கட்டும்" என்றார். "காத்து இறங்குனதும் பாக்கலாம்."

மறுநாள் காற்று இறங்கவில்லை. ஆர்டிஸால் பொறுக்க முடியவில்லை. நான்தான் அவளைத் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். இடுப்பு வலிக்கிறது என்று தோகர் படுத்துவிட்டார். அவர் பகலில் படுத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அவள் பையில் பாட்டியின் வேதப்புத்தகம் இருந்தது. அதன் முதல் தாளில் பழைய எழுத்தில், தெற்குச் சுவர், கதவிலிருந்து பாதையோரம் மூன்றாவது என்று குறித்திருந்தது. அவள் எண்ணி நடந்தாள். மூன்றாவது இடத்தில் மளிகைக்கடைக்காரர் மனைவியின் புதுக் கல் பளபளவென்று நின்றது. சுற்றிலும் சரளைக்கல்லை அன்று காலைதான் யாரோ வாரிச் சீர்படுத்தியிருந்தார்கள்.

"இது இல்லையே" என்றாள். திரும்பப் போய்க் கதவிலிருந்து எண்ணினாள். இரண்டாம் தடவையும் மளிகைக்காரர் மனைவிதான் வந்தாள்.

முந்தின நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. தெரிந்ததாலேயே யாருக்கும் தோன்றவில்லை.

"ஆர்டிஸ், இங்க இடம் நிரந்தரம் கெடையாது" என்றேன். "முப்பது வருஷம் போல இருக்கும். அப்புறம் குடும்பத்துல யாராவது வந்து இன்னும் வேணும்னு எழுதிக் கொடுக்கணும். இல்லன்னா மண்ணைச் சமன் பண்ணி அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. உங்க தாத்தா இடத்தை அறுபத்தொண்ணுல எடுத்தாங்கன்னு நெனைக்கிறேன். அன்னைக்கு அந்த வரிசை முழுக்க எடுத்தாங்க."

"அப்ப எலும்பெல்லாம்?"

"அடியிலதான் இருக்கும். யாரும் தோண்டிப் போடுறதில்ல."

"கல்லு?"

"சுவரோரம் கொஞ்ச நாள் சாத்தி வெப்பாங்க. வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம். மிச்சத்தை உடைச்சு ரோட்டுக்கு அடியில போட்டுடுவாங்க."

அவள் மளிகைக்காரர் மனைவியின் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றில் அவள் தலைத்துணி அவிழ்ந்து முகத்தில் அடித்தது. அதை எடுத்துவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"எங்க ஊர்ல செத்தவங்களை யாரும் நகத்துறதில்ல" என்றாள். "நிலத்தைத்தான் புடுங்குவாங்க. கல்லறையை விட்டுடுவாங்க." பிறகு, "ஆனா தோகர் கல்லு இருக்குன்னு எழுதினாரே. அவரு பொய் சொல்ற ஆளா?" என்று கேட்டாள்.

"அந்த ஆளு பொய் சொல்ல மாட்டாரு" என்றேன். "அதுதான் அவருகிட்ட உள்ள தொல்லையே."

வியாழக்கிழமை காலையில் காற்று விழுந்தது. மறுநாள் விடியற்காலை படகுகள் போகும் என்று வானொலியில் சொன்னார்கள். தோகருடைய தம்பி மகன் படகுக்கு எட்டுத் தட்டுத் தூண்டில் இரை கோக்க வேண்டியிருந்தது. நானும் டாக்னியும் ஆறு மணிக்கே கொட்டகையில் உட்கார்ந்துவிட்டோம். எட்டு மணிக்கு ஆர்டிஸ் வந்தாள். வாசற்கல்லில் நின்று செருப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "சும்மா உக்காந்திருக்க எனக்குத் தெரியாது, ஒரு கத்தி கொடுங்க" என்றாள். டாக்னி அவளுக்கு எண்ணெய்த்துணி மேலங்கி ஒன்றைக் கட்டிவிட்டாள்.

வேலை வேகமாகப் படிந்தது அவளுக்கு. பத்துக் கொக்கியில் ஒரு தடவைதான் விரலைக் குத்திக்கொண்டாள். பேச்சு மாடு, பன்றி, மழை, மருமகள் என்று எங்கெங்கோ போயிற்று. பிறகு அவள் கேட்டாள்.

"உங்களுக்குப் புள்ளைங்க, டாக்னி?"

டாக்னி ஒரு கொக்கியைக் கோத்து முடித்தாள்.

"ஒண்ணு. ஹென்னிங். எழுபத்தொம்பது நவம்பர்ல போயிட்டான். படகுல மூணு பேரு. ரெண்டு பேரு கரைக்கு வந்தாங்க, பொணமா. இவன் வரல."

மற்ற இரண்டு பேரும் மிஷன் வீட்டில் ரட்சிக்கப்பட்ட பையன்கள். அவர்கள் பேரை அங்கே வாசித்து, கர்த்தரிடம் வீடு சேர்ந்தார்கள் என்று நன்றி சொன்னார்கள். ஹென்னிங் அதற்கு முந்தின சனிக்கிழமை பக்கத்து டவுனில் ஆடிக்கொண்டிருந்தவன். அவன் பேரை வாசித்துவிட்டு, அடுத்த பாட்டு என்ன எண் என்று சொன்னார்கள். அன்று நான் கதவுக்கு வெளியே நின்றேன். டாக்னி வெளியே வரும்போது பார்த்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதை ஆர்டிஸிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே டாக்னி தானே பேச்சை எடுத்தாள்.

"செத்தவங்களுக்காக நாங்க ஜெபம் பண்றதில்ல. அது தெரியும் உங்களுக்கு. ஆனா அவங்களுக்காக நன்றி சொல்லுவோம். அப்பா தினமும் சாப்பாட்டு மேசையில ஜெபம் பண்ணுவாரு. அவங்க அம்மாவுக்கு நன்றி, தங்கச்சிக்கு நன்றி. ஏழு வருஷமாச்சு, ஹென்னிங் பேரை ஒரு நாள் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

அப்பா என்று அவள் சொன்னது தோகரை. இங்கே பிள்ளை பிறந்த பிறகு புருஷன் பெண்டாட்டி ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை போன பிறகும் இவர்கள் அதை மாற்றிக்கொள்ளவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல்கூட இருந்திருக்கலாம்.

அப்போதுதான் தோகர் வெற்றுத் தட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார். நிலையைப் பிடித்தார், காலைத் தூக்கினார், தாண்டினார். ஆர்டிஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தோகர், காத்து விழுந்தாச்சு" என்றாள். "கல்லு எங்க? உடைச்சு ரோட்டுல போட்டாச்சுன்னா சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன். நான் தாங்காதது ஒண்ணும் மிச்சம் இல்ல."

தோகர் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"அதை மிதிச்சுதான் உள்ள வந்தீங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. டாக்னிக்குப் புரிந்துவிட்டது. அவள் வாசலைப் பார்த்தாள், தன் செருப்பைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக மீன் கழிசலையும் உப்புத் தண்ணீரையும் நாங்கள் அந்தக் கல்மேல்தான் ஊற்றித் தள்ளியிருக்கிறோம்.

"அப்பா" என்றாள். "எங்கிட்ட மணல்மேட்டுல கெடந்த கல்லுன்னீங்களே."

"கல்லுன்னுதான் சொன்னேன். மணல்மேட்டுலன்னு நீயா நெனச்சுக்கிட்ட."

"எடுங்க அதை" என்றாள் ஆர்டிஸ்.

"எடுக்க வேண்டாம்."

"நான் ஏழாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கேன் தோகர்."

"அதனாலதான் சொல்றேன். இப்படியே போயிடுங்க. கல்லு இருக்கான்னு கேட்டீங்க, இருக்கு. போதும்."

டாக்னி எழுந்து போய் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். அறுபத்து நான்கு வயதுக்காரி. புருஷன் கையில் அதைத் திணித்தாள். அவர் வாங்கவில்லை. அவளே கல்லின் விளிம்பில் குத்தி நெம்ப ஆரம்பித்தாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன், ஆர்டிஸ் ஒரு பக்கம். மணற்கல் பலகை, நாலடி நீளம். இருபத்தைந்து வருஷம் மண்ணில் ஊறிப் பிடித்திருந்தது. மூன்றாம் நெம்பலில் தோகர் வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். அவர் பலம் சேர்ந்ததும் அது ஒரே மூச்சில் புரண்டு புல்லில் விழுந்தது.

கல்லின் முகம் முழுக்க மண்ணும் சிப்பித்தூளும் அப்பியிருந்தது. டாக்னி மீன்பெட்டி கழுவும் பிரஷ்ஷால் ஒரு வாளித் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். எழுத்துகள் தெரிய ஆரம்பித்தன. மண்ணுக்குள் காற்றும் வெயிலும் படாமல் இருந்ததால் நேற்று வெட்டியது போலக் கூராக இருந்தன. ஆர்டிஸ் முழங்காலிட்டாள். சிறுவயதில் கோடை விடுமுறையில் அவர்கள் சபையில் கற்றுக்கொடுத்த எங்கள் மொழிப் படிப்பாம். விரல் வைத்து, சத்தமாக, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"லௌரிட்ஸ். பிறப்பு 1857. கடலில் 1891."

அதற்குக் கீழே இரண்டு வரி. முதல் வரியில் விரல் ஓடிக்கொண்டே வந்து பாதியில் மெதுவானது.

"ஆயத்தமில்லாத வேளையில் அழைக்கப்பட்டான். வாசிக்கிறவனே, நீ எப்படி?"

துறைமுகத்தில் யாரோ இயந்திரத்தைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டிஸ் இரண்டாம் தடவை வாய்க்குள்ளே படித்தாள். வேறெங்காவது ஏதாவது வெட்டியிருக்கிறதா என்று கல்லின் நாலு ஓரத்தையும் தடவிப் பார்த்தாள். எனக்கு அவள் கையைப் பிடித்து எடுத்துவிட வேண்டும் போலிருந்தது.

"யாரு எழுதினது இதை?" என்றாள்.

"அந்தக் காலத்துப் போதகர்" என்றார் தோகர். கடப்பாரையை ஊன்றி அதன்மேல் சாய்ந்திருந்தார். "லௌரிட்ஸ் குடிப்பாரு. போன வாரச் சந்தையில ஆடினவரு, இந்த வாரம் முழுகிட்டாரு. விதவைகிட்டக் கல்லுக்கு வழி இல்ல. மிஷன் ஆளுங்க சேந்து வாங்கிப் போட்டாங்க. வாசகம் போதகர் கொடுத்தது. தேவாலயத்துக்குள்ள போறவங்க எல்லாரும் படிக்கணும்னு பாதையோரமா வெச்சாங்க. எச்சரிக்கையா."

"பாட்டியும் ஞாயித்துக்கிழமை அதைத் தாண்டித்தான் போயிருப்பாங்க."

"ஆமா. ரெண்டு வருஷம்."

"நீங்க ஏன் எடுத்து வந்தீங்க?"

"உடைக்கிறதா இருந்தாங்க. நம்ம ரத்தம், விட மனசு வரல. நிமுத்தி வெக்கவும் மனசு வரல. கவுத்துப் போட்டா யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

டாக்னி இன்னும் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் காலுறை நனைந்துகொண்டிருந்தது.

"எடுத்து வந்தன்னைக்கே படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்புறம் நம்ம ஹென்னிங் போனப்போ?"

தோகர் கடப்பாரையை மண்ணில் இன்னும் ஆழமாக ஊன்றினார்.

"தெனம் ரெண்டு தரம் மூணு தரம் காலைத் தூக்கித் தாண்டினீங்களே அப்பா. நாங்க சிரிச்சோம். நான் சிரிச்சேன். அவனைப் பத்தி இதைத்தான் நெனச்சுக்கிட்டுத் தாண்டினீங்களா?"

"அம்மா..."

"ஆமாவா இல்லையா? நீங்க பொய் சொல்ல மாட்டீங்கள்ல. சொல்லுங்க."

அவர் வாய் அசைந்தது. எங்கள் நாலு பேரில் அவர்தான் ஆளில் பெரியவர். அன்று அந்தக் கல்லுக்கு முன்னால் அவ்வளவு சின்னதாக நின்றார்.

"தாண்டாம இருக்க முடியல" என்றார். "மிதிச்சா அவன் போனதை ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துது. எடுத்துப் போட்டா கர்த்தரை எதுத்த மாதிரி இருந்துது."

ஏழு வருஷம் ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையா சுமந்தீர், சொல்லித் தொலைத்திருந்தால் அவளும் பாதி சுமந்திருப்பாளே என்று கேட்க வந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஆர்டிஸ் முழங்காலிலிருந்து எழ முடியாமல் கையை நீட்டினாள். தோகர்தான் பிடித்துத் தூக்கிவிட்டார். பாவாடையில் ஒட்டிய ஈரமண்ணைத் தட்டாமலே அவள் சொன்னாள்.

"எங்க பாட்டி பொய் சொல்லியிருக்காங்க."

கல்லைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"அம்பது வருஷம். சாகுற படுக்கையிலயும். இதைப் படிச்சுட்டுக் கப்பலேறினவங்க, அந்தப் பக்கம் இறங்குனதும் நல்ல வார்த்தை நிக்குதுன்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பொய்யிலதான் நாங்க எல்லாரும் விசுவாசிங்களா வளந்தோம். எங்க அப்பா அதைச் சொல்லித்தான் செத்தாரு." கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் மண்ணோடு மீன் செதிலும் ஒட்டியிருந்தது. "இந்தக் கல்லைப் படிச்சு யாரும் கிறிஸ்தவங்களா ஆகியிருக்க முடியாது."

"கவுத்துடவா?" என்றேன் நான்.

"கவுத்துடுங்க. இருந்த மாதிரியே."

"அப்ப உங்க பையன் கல்லுல?" என்றாள் டாக்னி.

"பாட்டி சொன்னதையேதான். 'இவன்மேல் நல்ல வார்த்தை ஒன்று நிற்கிறது.' அவ்வளவுதான் வெட்டப்போறேன்."

தோகர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். வேண்டுமென்று செய்யவில்லை, அவர் வளர்ப்பு அப்படி. "அது வேதத்துல இல்லையே ஆர்டிஸ்" என்றார்.

ஆர்டிஸ் கல்லைக் காட்டினாள். "இது மட்டும் இருக்கா?"

கல்லைப் பழைய குழியில் கவிழ்த்தோம். மண் சரிந்திருந்ததால் முன்பு போலச் சமமாக உட்காரவில்லை, ஒரு பக்கம் லேசாக ஆடியது. பிறகு மிச்சமிருந்த மூன்று தட்டையும் கோத்து முடித்தோம். படகு நமக்காகக் காத்திருக்காது. தோகர் கொட்டகைக்குள் வரவில்லை. வெளியே நின்றே தட்டுகளை வாங்கிக்கொண்டார்.

பகல் சாப்பாட்டுக்கு என்னையும் இருக்கச் சொன்னாள் டாக்னி. தட்டைமீன் வறுவல், உருளைக்கிழங்கு, பார்ஸ்லி போட்ட வெள்ளைக் குழம்பு. தோகர் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து கைகளைக் கூப்பினார். நாங்களும் கூப்பினோம். மிஷன் வீட்டுக்குப் போகாதவள் நான், ஆனாலும் அடுத்தவர் மேசையில் கூப்பத்தான் வேண்டும். அவர் ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு நன்றி, காற்றை அடக்கினதற்கு நன்றி, தூரத்திலிருந்து சுகமாகக் கொண்டுவந்து சேர்த்த உறவுக்கு நன்றி. அம்மாவுக்கு நன்றி. தங்கைக்கு நன்றி. அதோடு வழக்கம்போல நின்றார். ஆமென் சொல்ல வேண்டிய இடம்.

ஆமென் வரவில்லை. டாக்னியின் குரல் வந்தது. அந்த வீட்டில் மேசை ஜெபத்தில் பெண்குரல் நான் கேட்டதில்லை.

"ஹென்னிங்குக்கு நன்றி" என்றாள். "இருபத்தாறு வருஷம் குடுத்தீங்க. நல்லா ஆடுவான். என்னைச் சிரிக்க வெப்பான். அவன்மேலயும் நல்ல வார்த்தை ஒண்ணு நிக்குது."

"ஆமென்" என்றாள் ஆர்டிஸ்.

நானும் சொன்னேன்.

தோகர் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. அவர் ஆமென் சொல்லாமல் அந்த வீட்டில் யாரும் கரண்டியைத் தொட மாட்டார்கள். வெள்ளைக் குழம்பின்மேல் ஆடை படிந்தது. கடைசியில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். மரச்செருப்புச் சத்தம் முற்றத்தைக் கடந்து போயிற்று.

ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டகை வாசல் தெரியும். நிலையைப் பிடித்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றார். வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு அதைக் கல்மேல் வைத்தார். இடது காலையும் கொண்டுவந்து வைத்தார். கல் அவர் பாரத்தில் ஒருபக்கம் சாய்ந்து, சமமாகி, அசைவு நின்றது. அவர் உள்ளேயும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. இரண்டு காலையும் ஊன்றி, தலை குனிந்து, அங்கேயே நின்றார். அவர் தோள் குலுங்கியது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

ஆர்டிஸ் எழப்போனாள். டாக்னி அவள் கைமேல் கையை வைத்து அழுத்தினாள்.

"விடுங்க" என்றாள். "ஆமென் சொல்றாரு. ஏழு வருஷத்துது, நேரமாகும். நீங்க சாப்பிடுங்க, ஆறுது."